ஓனர் சிங்கப்பூரில் இருக்காங்க

பதினெட்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
பனியனை முன்பக்கம் பார்த்து யாரும் ஓகே சொல்வதில்லை.
உள்ளே திருப்பணும்,
தையலை இரண்டு கையாலும் இழுக்கணும்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்
ஊசி ஓட்டை தானே கண்ணைச் சிமிட்டும்.

வாடகைக்கு விட ஒரு வீடு தேடியபோதும்
அப்படித்தான் பார்த்தேன்.

புரோக்கர் தங்கமுத்து காலை பத்து மணிக்குக் காட்டிய தெருவுக்கு
ராத்திரி ஒன்பதரைக்குத் தனியாகத் திரும்பப் போனேன்.
ஷிப்ட் விட்டு வரும் பெண்கள்
அந்த முக்கில் நடையைக் கூட்டுகிறார்களா,
அழைப்பே வராத போனைக் காதில் வைக்கிறார்களா?
வைத்தார்கள்.
வேண்டாமென்றேன்.

மங்கலம் ரோட்டில் ஒன்று, விலை சல்லிசு.
போர் தண்ணியைப் பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தேன்.
மத்தியானத்துக்குள்
லேசாக ஒரு நீலம் அடியில் உட்கார்ந்தது.
எந்த நாட்டுக்காரன் சட்டைக்குப் போட்ட நீலமோ.

நெருப்பெரிச்சல் பக்கம் மூன்றாவது.
மாடிக் கொடிகளை எண்ணினேன்:
பள்ளிக்கூட யூனிபார்ம் மட்டும் பதினொன்று.
யூனிபார்ம் காயும் தெருவில்
வருஷ நடுவில் யாரும் காலி பண்ண மாட்டார்கள்.
நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருமுறை, போகட்டும்.
கம்பெனி வேன் தெருமுனை வரை வருகிறது.
பி.எஃப். பணம், சீட்டுப் பணம்,
மீதிக்கு பேங்க் லோன்.
நாலு போர்ஷன்.

நான் இருப்பது அனுப்பர்பாளையத்தில், வாடகைக்கு.
வேலைக்கு நடந்தே போய்விடலாம்.

வாடகை கேட்க எனக்கு முகம் வராது.
"அடுத்த வாரம் தர்றனுங்க்கா" என்றால்
"செரி சாமி" என்றுவிடும் வாய் இது.
அதனால் ஒரு கம்பெனியிடம் விட்டேன்.
அவிநாசி ரோட்டில் கண்ணாடிக் கதவு,
உள்ளே கம்பளி தேடும் அளவுக்கு ஏசி.
நவநீதன் என்ற பையன் பேனாவைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்:
நூற்றுக்கு எட்டு ரூபாய்,
புது ஆள் வந்தால் பாதி மாச வாடகை,
நீங்க அந்தப் பக்கமே போக வேண்டாங்க மேடம்.
என்னை ஒருவர் மேடம் என்றது அன்றுதான்.
படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஏழாம் தேதியானால் வாட்ஸப்பில் கணக்கு வரும்.
மொட்டைமாடிக் குழாய் பழுது, எண்ணூற்று ஐம்பது.
அடுத்த மாசம்
மொட்டைமாடிக் குழாய் பழுது, எண்ணூற்று ஐம்பது.
அதற்கடுத்த மாசமும்.
ஒரே இடத்தில் மூன்று தையல் விழுந்தால்
கோளாறு துணியில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
மூன்றாம் போர்ஷன் மினதி, ஒடிசாக்காரப் பெண்,
வாசற்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"வீடு பாக்க வந்தீங்ளாக்கா?" என்றாள்,
எங்கள் ஊர் 'ங்' ஒன்றுகூடச் சிந்தாமல்.
ஆமாம் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

"வேண்டாங்க்கா.
தெரு நல்ல தெருதான். ஆனா
மேல கொழாய் ஏழு மாசமா ஒழுகுது.
போன் பண்ணா 'நோட் பண்ணிட்டோம்'ங்கறாங்க.
ஓனரம்மாகிட்ட நானே பேசறேன்னு நம்பர் கேட்டேன்.
அவங்க சிங்கப்பூர்ல இருக்காங்களாமா."

எவர்சில்வர் டம்ளரில் தண்ணி கொடுத்தாள்.
கீழே வைத்த பெயிண்ட் வாளியில்
சொட்டு, சொட்டு, சொட்டு.
சிங்கப்பூரிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நவநீதனுக்குப் போன் போட்டேன்.
"சொல்லுங்க மேடம். எங்க இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கு?"
"சிங்கப்பூர்லதான் கண்ணு" என்றேன்.

பின்படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர்
"புஷ்பா ஸ்டாப் எறங்கு, புஷ்பா ஸ்டாப் எறங்கு" என்று
அடித்தொண்டையில் கத்தினான்.
அந்தப் பக்கம் பேனா சுழல்வது நின்றுபோனது
எனக்குக் கேட்டது.